கடல் இரையும்போது

வங்கக் கடலின் வடகோடியில், கங்கையும் பிரம்மபுத்திராவும் பல கிளைகளாகப் பிரிந்து கடலில் கலக்கும் இடத்தில், பாரிசால் என்ற ஊர் இருக்கிறது. இன்று அது வங்கதேசத்தைச் சேர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த வட்டாரம் ஒரு சத்தத்துக்காகப் பெயர் பெற்றிருந்தது. அமைதியான இரவுகளில், தெற்கே கடல் பக்கமிருந்து பீரங்கி முழங்குவதுபோல் கேட்கும். போய்ப் பார்த்தால் கப்பலும் இருக்காது, படையும் இருக்காது. 1871 டிசம்பரில் கொல்கத்தாவிலிருந்து சுந்தரவனம் வழியாக அசாமுக்கு நீராவிப் படகில் போன ஜி. பி. ஸ்காட் அதைக் கேட்டார். வானம் தெளிவாக இருந்தது. புயலுக்கான அறிகுறி எதுவும் இல்லை. இரவில் படகின் இயந்திரம் நின்ற பிறகு மந்தமான வெடியோசை, சில சமயம் ஒன்றாக, சில சமயம் இரண்டு மூன்றாக, எப்போதும் தொலைவிலிருந்தே வந்தது. இதை அவர் 1896இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். அதற்குச் சில மாதங்களுக்கு முன் அதே இதழில் இந்தப் பேச்சைத் தொடங்கி வைத்தவர் சார்லஸ் டார்வினின் மகன் ஜார்ஜ் டார்வின். பெல்ஜியக் கடற்கரையிலும் அமெரிக்கக் கிழக்குக் கரையிலும்கூட இதே மாதிரிச் சத்தங்கள் கேட்கப்பட்டிருக்கின்றன.

இருட்டில், கடல் பக்கமிருந்து, காரணம் தெரியாமல் ஒரு சத்தம் வந்தால் மனித மனம் அதைச் சும்மா விடாது. யாரோ கூப்பிடுகிறார்கள், எதற்கோ எச்சரிக்கிறார்கள், யாரோ சாகப்போகிறார்கள் என்று எடுத்துக்கொள்ளும். இங்கிலாந்தின் தென்மேற்கு முனையில் செனன் என்ற மீனவர் குடா உண்டு. அங்கே வழங்கிய ஒரு கதையை ராபர்ட் ஹன்ட் 1865இல் வெளிவந்த தன் நூலில் எழுதி வைத்திருக்கிறார். புயல் வரும் முன் குடாவின் குறுக்கே திரைபோல மூடுபனி இறங்கும். அதற்குள்ளிருந்து கூவுவதுபோல் ஓசை வரும். அதை ஊரார் காவல் தெய்வமாக மதித்து, ஓசை கேட்ட நாளில் கடலுக்குப் போகமாட்டார்கள். ஒருநாள் ஒரு மீனவர், மகனையும் கூட்டிக்கொண்டு, கதிரடிக்கும் கோலால் அந்தப் பனியை அடித்து விலக்கிக்கொண்டு போனார். அவர்களும் திரும்பவில்லை, அந்த ஓசையும் அதற்குப் பிறகு வரவில்லை என்று கதை முடிகிறது.

கதையின் பின்பாதி எப்படியோ போகட்டும். முன்பாதியை நான் மிக மதிக்கிறேன். பனி, ஓசை, பிறகு புயல் என்ற வரிசை, தலைமுறை தலைமுறையாகக் கடலைக் கவனித்தவர்கள் கண்டு வைத்த வரிசை. அதற்குள் உண்மையான இயற்பியல் இருக்கிறது. எங்கள் திருவள்ளூர் மாவட்டத்தின் கடற்கரையிலேயே அதைப் பார்க்கலாம்.

பழவேற்காட்டில், ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில், வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் கேட்டேன். “ஐயா, புயல் வர்றதுக்கு முன்னாடி கடல் சத்தம் மாறும்னு சொல்றாங்களே, நெசமா?”

“மாறும். சத்தம் பெருசாவறது மட்டும் இல்ல சார், கனமாயிடும். ஒரு அலை வுழுந்தா அடுத்தது வர்றதுக்கு நேரம் எடுக்கும். அப்புறம் வந்து வுழுந்தா தரையே அதிரும். காத்தே இருக்காது. ஆனா அலை மட்டும் அப்பிடி வரும்.”

கையை எடுக்காமல், வலையிலிருந்து பார்வையை நிமிர்த்தாமல் சொன்னார். கடலியல் பாடப்புத்தகம் ஒரு அத்தியாயம் முழுக்கச் சொல்வதை அவர் நாலு வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

காற்று கடலைத் தள்ளுவதால் அலை பிறக்கிறது. காற்று எவ்வளவு வேகமாக, எவ்வளவு நேரம், எவ்வளவு பரப்பில் வீசுகிறதோ அவ்வளவுக்கு அலை நீளும். உள்ளூர்க் காற்று எழுப்பும் அலைகள் ஐந்து, ஆறு விநாடிக்கு ஒன்றாக வந்து ‘சளக் சளக்’ என்று விழும். வங்கக் கடலின் நடுவில் சுழலும் புயல் எழுப்பும் அலைகளின் இடைவெளி 12 விநாடி, 15 விநாடி என்று போகும். ஆழ்கடலில் 15 விநாடி அலையின் நீளம் 350 மீட்டர். இந்த நீண்ட அலைகள் புயலைவிட்டு வெளியேறி, சக்தி அதிகம் இழக்காமல், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடும். இவற்றின் கூட்டம் மணிக்கு ஏறத்தாழ 42 கிலோமீட்டர் வேகத்தில் நகர்கிறது. புயலோ பெரும்பாலும் மணிக்கு 15, 20 கிலோமீட்டர்தான் நகரும். ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி ஒரு புயல் இருந்தால், அதன் அலை ஒரே நாளில் கரைக்கு வந்துவிடும். புயல் வர இரண்டு, மூன்று நாள் ஆகும். இடைப்பட்ட அந்த நாள்களில் வானம் நீலமாக இருக்கலாம், இலைகூட அசையாமல் இருக்கலாம். கடல் மட்டும் கனத்த குரலில் இரைந்துகொண்டிருக்கும். பழைய காலத்தில் வானொலியும் செயற்கைக்கோளும் இல்லாத கரைகளில், வரப்போகும் புயலைப் பற்றி எட்டக்கூடிய முதல் செய்தி இதுதான்.

அலை மோதுவது காதுக்குக் கேட்கும் பகுதி. அதே அலைகள் கடலடித் தரையையும் ஓயாமல் நடுங்க வைக்கின்றன. உலகில் எந்த மூலையில் நிலநடுக்கமானி வைத்தாலும், பூகம்பம் இல்லாத நாளிலும் அதன் கோடு சின்னச் சின்னதாக நெளிந்துகொண்டே இருக்கும். இந்த நடுக்கத்துக்கும் இந்தியக் கடல்களின் புயல்களுக்கும் உள்ள உறவை ஆராய்ந்து எழுதியவர்களில் முக்கியமானவர் ஓர் இந்தியர். பம்பாய் கொலாபா ஆய்வகத்தில் பணியாற்றிய சுதான்சு குமார் பானர்ஜி, 1930இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் இதைப் பற்றி நீண்ட கட்டுரை வெளியிட்டார். கடலில் புயல் இருக்கும்போது கரையிலுள்ள கருவியின் நடுக்கம் கூடுகிறது என்பதைக் காட்டி, அது எப்படிக் கடலடிக்கு இறங்குகிறது என்பதற்கும் விளக்கம் தேடினார். பின்னாளில் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் முதல் இந்தியத் தலைமை இயக்குநர் ஆனவர் அவர். நம் பள்ளிப் புத்தகங்களில் அவர் பெயர் இல்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

பானர்ஜியைத் தொல்லைப்படுத்திய கேள்வி சுவாரசியமானது. அலையின் ஆட்டம் ஆழம் போகப் போக வேகமாகத் தேய்ந்துவிடும். அலையின் நீளத்தில் பாதி ஆழத்துக்குக் கீழே ஏறத்தாழ ஒன்றும் தெரியாது. அப்படியிருக்க, நான்கு கிலோமீட்டர் ஆழத்தில் கிடக்கும் தரை எப்படி அதிரும்? 1950இல் பிரிட்டிஷ் கணிதவியலர் மைக்கேல் லாங்கெட் ஹிக்கின்ஸ் இதற்கு நிறைவான விடை கொடுத்தார். ஒரே கால இடைவெளி கொண்ட இரண்டு அலைக்கூட்டங்கள் எதிரெதிர்த் திசையில் வந்து சந்தித்தால், அந்த இடத்தில் ஓர் அழுத்தத் துடிப்பு பிறக்கும். அது ஆழத்தில் தேயாது. அதன் துடிப்பு அலையைப்போல் இரு மடங்கு வேகம் கொண்டது. பத்து விநாடி அலைகள் சந்தித்தால் ஐந்து விநாடி நடுக்கம். சுழலும் புயலுக்குள் எல்லாத் திசையிலும் அலை கிளம்புவதால், எதிரெதிர் அலைகளுக்கு அங்கே பஞ்சமில்லை.

இதே சந்திப்பு மேலே காற்றையும் அமுக்கி விடுகிறது. அப்படிக் கிளம்பும் காற்றதிர்வும் ஏறக்குறைய ஐந்து விநாடிக்கு ஒரு துடிப்பு. நம் காது விநாடிக்கு 20 துடிப்புக்குக் கீழே சரியாகக் கேட்காது. இதுவோ விநாடிக்கு 0.2. ஆக, கடல் உண்மையிலேயே ஒரு மௌனக் குரலை எந்நேரமும் எழுப்பிக்கொண்டிருக்கிறது. பல ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலும் கருவிகள் அதைப் பிடிக்கின்றன.

இந்த இடத்தில்தான் கட்டுக்கதை புகுந்துகொள்கிறது. கேளாத தாழ்வொலி மனிதருக்குக் காரணமற்ற பயத்தை உண்டாக்கும், ஆவி தெரிவதுபோல் காட்டும், அதனால்தான் கடலோடிகளுக்கு முன்கூட்டியே கலக்கம் வருகிறது என்று பல நூல்களும் காணொளிகளும் சொல்கின்றன. இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது 1998இல் இங்கிலாந்தின் விக் டேண்டி வெளியிட்ட ஆய்வு. அவர் வேலை செய்த ஆய்வுக்கூடத்தில் ஆட்களுக்கு நடுக்கம் வந்தது. அவருக்கே ஓரக்கண்ணில் சாம்பல் நிற உருவம் ஒன்று தெரிந்தது. புதிதாகப் பொருத்திய ஒரு காற்றாடி விநாடிக்கு ஏறத்தாழ 19 துடிப்புள்ள அதிர்வை அறைக்குள் நிறுத்திவைத்ததுதான் காரணம் என்று கண்டுபிடித்தார். அருமையான துப்பறிதல், சந்தேகமில்லை. ஆனால் அது ஒரு மூடிய அறை, வலுவான அதிர்வு. அதைக் கொண்டுவந்து கடலோடு ஒட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. புயல் எழுப்பும் கேளா ஒலியின் அழுத்தம் கரையில் ஒரு பாஸ்கலைத் தாண்டுவதே அரிது. உட்கார்ந்த இடத்தில் தலையைப் பத்து சென்டிமீட்டர் உயர்த்தினாலே காதின் மேலுள்ள காற்றழுத்தம் ஏறத்தாழ 1.2 பாஸ்கல் மாறிவிடும். அதற்கெல்லாம் நாம் பயந்து நடுங்குவதில்லை. மீனவருக்கு வரும் கலக்கத்துக்குக் காரணம் தேட அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. கேட்கும் சத்தமே போதும். அதன் பொருள் அவருக்குத் தெரியும்.

கேட்கும் சத்தம் சில நாள் கேட்கிறது, சில நாள் கேட்பதில்லையே, அது ஏன்? கடலிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்கு மேல் உள்ளே இருக்கும் எங்கள் மணவாள நகரில் இதற்கு ஒரு விடை தினமும் கிடைக்கிறது. திருவள்ளூர் ரயில் நிலையம் பக்கத்தில்தான். பகலில் அரக்கோணம் பக்கம் போகும் எக்ஸ்பிரஸின் ஹாரன், லாரி, பஸ் இரைச்சலோடு கலந்து காணாமல் போய்விடும். மார்கழி விடியலில் அதே ரயில் எங்கேயோ தூரத்தில் வரும்போதே, தெருமுனையில் நிற்பதுபோல் கேட்கும். தண்டவாளத்தின் தடதடப்புகூடத் தனித்தனியாக எண்ணலாம். ஊர் அடங்கியிருப்பது ஒரு காரணம்தான். பெரிய காரணம் காற்றின் வெப்பம்.

வெப்பக் காற்றில் ஒலி வேகமாகப் போகும், குளிர்ந்த காற்றில் மெதுவாக. ஒரு டிகிரிக்கு விநாடிக்கு 0.6 மீட்டர் வித்தியாசம். பகலில் தரைக்கு அருகே சூடு, மேலே குளிர்ச்சி. அதனால் ஒலி மேல்நோக்கி வளைந்து வானத்துக்குப் போய்விடும். மேகமற்ற குளிர் இரவில் தரை வேகமாக ஆறி, தன்னை ஒட்டிய காற்றையும் குளிர வைக்கும். அப்போது மேலே சூடு, கீழே குளிர்ச்சி. ஒலி கீழ்நோக்கி வளையும். பாத்திரத்துக்கு மூடி போட்டதுபோல அந்தச் சூடான அடுக்கு ஒலியைத் தரைக்கும் தனக்கும் நடுவே அடக்கி, வெகுதூரம் கொண்டு போகும். பழவேற்காடு ஏரிபோலப் பரந்த, அலையற்ற நீர்ப்பரப்பு இருந்தால் இன்னும் வசதி. ஒலியை உறிஞ்ச மரமோ புல்லோ இல்லை. இதே நிலையில்தான் மூடுபனியும் இறங்கும். செனன் குடாவில் பனியும் ஓசையும் சேர்ந்தே வந்ததற்கு இதைவிட எளிய விளக்கம் எனக்குத் தோன்றவில்லை: தொலைவுப் புயலின் அலை பாறையில் மோத, பனியோடு வந்த வெப்ப அடுக்கு அந்த மோதலை ஊருக்குள் கொண்டுவந்திருக்கும்.

டெல்டா மாவட்டங்களில், கடலிலிருந்து வெகுதூரம் உள்ளே இருக்கும் ஊர்களில்கூட, “கடல் இரைச்சல் கேக்குது, மழை வரும்” என்பார்கள். அலை, காற்றின் திசை, வெப்ப அடுக்கு மூன்றும் ஒத்துழைக்கும் ராத்திரியில் அது சாத்தியமே. கிழக்கிலிருந்து கொண்டல் வீசினால் ஒலி உள்நாட்டை நோக்கி வளைந்து வரும். மழையும் அந்தக் காற்றோடுதான் வரும்.

தூரம் ஒலியை வடிகட்டவும் செய்கிறது. விநாடிக்கு 4,000 துடிப்புள்ள கீச்சொலி காற்றில் ஒரு கிலோமீட்டர் போவதற்குள் 20 டெசிபலுக்கு மேல் இழந்துவிடும். 100 துடிப்புள்ள தாழ்ந்த ஒலி ஒரு டெசிபல்கூட இழக்காது. எனவே பத்து, இருபது கிலோமீட்டர் தாண்டி வரும்போது எந்தப் பேரொலியும் தன் அடையாளத்தை இழந்து ‘தும்’ என்ற முழக்கமாக மட்டும் மிஞ்சும். இடியா, அலையா, பீரங்கியா, நிலத்தடி அதிர்வா என்று காதால் பிரித்தறிய முடியாது. பாரிசால் முழக்கத்துக்கு இந்த எல்லாக் காரணங்களும் சொல்லப்பட்டிருக்கின்றன. எது சரி என்று முடிவாகவில்லை. எங்கள் மாவட்டத்தில் பழவேற்காடு பக்கத்தில் அப்படி ஒரு முழக்கம் கேட்டால் இன்று யாரும் பேய் என்று சொல்லமாட்டார்கள். ஏரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் கிளம்பிய வெளிச்சம் முதலில் தெரியும். சத்தம் 35 கிலோமீட்டரைக் கடந்துவர ஏறத்தாழ ஒன்றேமுக்கால் நிமிடம் எடுக்கும். காரணம் தெரிந்துவிட்டதால் அந்த முழக்கத்துக்குக் குழந்தைகள் கை தட்டுகிறார்கள்.

மட்டக்களப்பிலும் ஒரு சத்தத்துக்கு யாரும் பயப்படவில்லை. நிலவு இரவில் கல்லடிப் பாலத்தருகே வாவிக்குள்ளிருந்து வரும் மெல்லிய இசை போன்ற ஒலியை, பிரிட்டிஷ் அதிகாரி எமர்சன் டெனன்ட் 1848இல் படகில் போய்க் கேட்டு எழுதினார். ஈரவிரலால் கண்ணாடிக் குவளையின் விளிம்பைத் தேய்த்தால் வரும் நாதம் என்றார் அவர். வேறோர் ஊரில் இது மூழ்கிச் செத்தவர்களின் அழுகையாக ஆகியிருக்கக்கூடும். மட்டக்களப்பு மக்கள் அதை மீன் பாடுவதாகக் கொண்டு, தங்கள் மண்ணுக்கு ‘மீன்பாடும் தேன்நாடு’ என்றே பெயர் சொல்லிப் பெருமைப்படுகிறார்கள்.

இங்கிலாந்தில் இரவு வானத்தில் விசில் அடிப்பதுபோல் கேட்கும் ‘ஏழு சீழ்க்கைக்காரர்’ சாவின் அறிகுறி என்று கடலோடிகளும் சுரங்கத் தொழிலாளர்களும் நம்பினார்கள். அது வளைந்த நீண்ட அலகுள்ள கரையோரப் பறவைகள் இரவில் வலசை போகும் குரல் என்பது பொதுவான கருத்து. அதே இனப் பறவைகள் பழவேற்காட்டுக்கும் வருகின்றன. எப்போது? வடகிழக்குப் பருவமழையை ஒட்டி. நம் கரையில் புயல்கள் அதிகம் வருவதும் அதே அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான். பறவைக் குரலும் கடல் சாவும் ஒரே மாதங்களில் வந்தால், இரண்டையும் முடிச்சுப் போடாத ஊர் இருக்க முடியாது.

முடிச்சு இறுகுவது நினைவில்தான். 2011 டிசம்பர் 25ஆம் தேதி, கிறிஸ்துமஸ் விடுமுறையில் பழவேற்காட்டுக்கு வந்த உறவினர் கூட்டம் ஒன்று படகில் போனது. அளவுக்கு மேல் ஆட்களை ஏற்றிய படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். பலர் பெண்களும் குழந்தைகளும். அன்று அந்தக் கரையில் புயல் இல்லை.   படகுக்கு மிஞ்சிய பாரமும் உயிர்காப்புக் கவசம் இல்லாததும்தான் அந்தச் சாவுகளுக்குக் காரணம். ஆனாலும் இதுபோன்ற துயரத்துக்குப் பிறகு எந்த ஊரிலும் யாராவது ஒருவருக்கு, முந்தைய இரவு நாய் ஊளையிட்டதோ, தண்ணீர்ப் பக்கம் ஏதோ குரல் கேட்டதோ நினைவுக்கு வரும். அவர் பொய் சொல்லவில்லை. நாய் ஊளையிட்டிருக்கும். அதே நாய் அதற்கு முந்தைய மாதம் ஊளையிட்ட இரவுகளுக்கு அடுத்த நாள் ஒன்றும் நடக்கவில்லை, அதனால் அவை மறந்துபோயின. சத்தம் கேட்டு விபத்து நடக்காத நாள்களையும், சத்தமே இல்லாமல் விபத்து நடந்த நாள்களையும் எழுதி வைத்தால்தான் சத்தம் எதையாவது சொன்னதா என்று தெரியும். துயரத்தில் இருப்பவர்களிடம் இந்தக் கணக்கைக் கேட்பது கொடுமை. ஆனால் ‘விதி முன்னமே குரல் கொடுத்தது’ என்று ஊர் முடிவு கட்டிவிட்டால், படகில் எத்தனை பேர் ஏறினார்கள் என்ற கேள்வி அடிபட்டுப் போகிறது. எனக்கு இந்த நம்பிக்கைகளோடு உள்ள உண்மையான சண்டை இது ஒன்றுதான்.

மறுபக்கம், சத்தத்தை அலட்சியம் செய்யக்கூடாத நேரமும் உண்டு. 1883 ஆகஸ்ட் 27 அன்று கிரகடோவா எரிமலை வெடித்தபோது, சிங்கப்பூரில் யாரோ கப்பலிலிருந்து ஆபத்து பீரங்கி சுடுகிறார்கள் என்று நினைத்து, உதவிக்கு இரண்டு நீராவிக் கப்பல்களை அனுப்பினார்கள். ஏறத்தாழ 4,800 கிலோமீட்டர் தள்ளி இந்தியப் பெருங்கடலின் ரோட்ரிக்ஸ் தீவிலும் காவல் அதிகாரிக்குப் பீரங்கிச் சத்தமாகவே கேட்டது. சிங்கப்பூர்க்காரர்கள் தேடிய கப்பல் இல்லை. ஆனால் கடலில் பெருந்துயரம் நடந்துகொண்டுதான் இருந்தது. அந்த வெடிப்பும் அதன் ஆழிப்பேரலையும் 36,000க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றன. அலையின் கடைசிச் சலனம் சென்னை, நாகப்பட்டினம் அலைமானிகள் வரை வந்து பதிவானது. இதில் கவனிக்க வேண்டியது வேகம். காற்றில் ஒலி மணிக்கு ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். நான்கு கிலோமீட்டர் ஆழமுள்ள கடலில் ஆழிப்பேரலை மணிக்கு 700 கிலோமீட்டர்தான். தொலைவுக் கரைகளில் சத்தம் அலைக்கு முன்னால் வந்தது. பொருள் புரிந்தவர் எவரும் அன்று இல்லை.

ஜப்பானின் சன்ரிகு கரையில் 1896 ஜூன் 15 மாலை வந்த நடுக்கம் மிக லேசானது. அரை மணி நேரம் கழித்து, கடலிலிருந்து பீரங்கி போன்ற முழக்கம் கேட்டதாகப் பல ஊர்களில் பதிவாகியிருக்கிறது. அடுத்து அலை வந்தது; ஏறத்தாழ 22,000 பேர் இறந்தார்கள். உயரமான அலைமுகம் ஆழமற்ற இடத்தில் உடைந்து சரிவதும், செங்குத்துப் பாறையில் மோதுவதும் அப்படி முழங்கும். இன்று அமெரிக்க வானிலைத் துறை ஆழிப்பேரலையின் இயற்கை எச்சரிக்கைகளாக மக்களுக்குச் சொல்லும் மூன்றில், நிலம் அதிர்வதும் கடல் உள்வாங்குவதும் போக, மூன்றாவது இதுதான்: கடலிலிருந்து ரயிலோ விமானமோ வருவதுபோல் பேரிரைச்சல். அதைக் கேட்டால் சில நிமிடங்களே மிச்சம்.

2004 டிசம்பர் 26 காலை 6.29க்கு சுமத்ரா அருகே பூமி பிளந்தது. நம் கரைக்கு அலை வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. இந்தியப் பெருங்கடலின் டியகோ கார்சியா தீவில் இருந்த கருவிகள் கேளா ஒலியைப் பதிவு செய்துகொண்டன. அந்தப் பதிவை எச்சரிக்கையாக மாற்ற அப்போது ஏற்பாடு எதுவும் இல்லை. புதுச்சேரிப் பக்கம் நல்லவாடு கிராமத்துக்கு மட்டும் ஒரு குரல் முன்னால் வந்தது. சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர் இளைஞர் ஒருவர் தொலைக்காட்சியில் செய்தி பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் செய்தார். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அந்த ஊரில் அமைத்திருந்த அறிவு மையத்தின் ஒலிபெருக்கி, அதுவரை அலையின் உயரத்தையும் மீன் விலையையும் சொல்லிவந்த அதே ஒலிபெருக்கி, எல்லோரையும் ஓடச் சொன்னது. சுமார் 3,600 பேர் உயிர் தப்பினார்கள்.

எச்சரிக்கை எப்போதும் இரைச்சலாக வருவதும் இல்லை. கேரளத்திலும் நம் கன்னியாகுமரிக் கரையிலும் கள்ளக்கடல் என்பார்கள். தெற்கே பல ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் வீசிய புயல்காற்று எழுப்பிய நீண்ட அலை, உள்ளூரில் காற்றே இல்லாத நாளில் வந்து கரை ஏறும். பதினைந்து, இருபது விநாடி இடைவெளியில் வருவதால், இரண்டு அலைக்கு நடுவே கடல் அடங்கிக் கிடப்பதுபோல் தெரியும். ஏமாந்து இறங்கினால் அடுத்த அலை இழுத்துக்கொண்டு போய்விடும். 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் 5 பேர் அப்படித்தான் இறந்தார்கள். ஹைதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் அந்த நாள்களுக்குக் கள்ளக்கடல் எச்சரிக்கை விடுத்திருந்தது. கணிப்பு சரியாகவே இருந்தது. அது அந்த மணலில் நின்றவர்களின் காதுக்குப் போய்ச் சேரவில்லை.

2017 ஒக்கியிலும் இதே கதைதான், இன்னும் பெரிய அளவில். நவம்பர் 29, 30இல் கன்னியாகுமரி அருகே அவசர அவசரமாக வலுத்த அந்தப் புயல், ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்த படகுகளைப் பிடித்துக்கொண்டது. செல்போன் கோபுரம் எட்டாத தூரத்தில் இருந்தவர்களுக்கு யாரும் எதுவும் சொல்ல முடியவில்லை. நூற்றுக்கணக்கானவர்கள் திரும்பவில்லை. அதன் பிறகு 2019இல் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி பெறும் ‘ஜெமினி’ என்ற கருவி வந்தது. அதில் கரையிலிருந்து படகுக்குச் செய்தி போகும், படகிலிருந்து பதில் வராது. 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட திட்டத்தில் இஸ்ரோ வடிவமைத்த டிரான்ஸ்பாண்டர்கள், இரு வழியும் பேசக்கூடியவை, ஒரு லட்சம் படகுகளில் பொருத்தப்படுகின்றன. ஆனால் பழவேற்காட்டிலிருந்து விடியலில் கிளம்பும் சின்ன ஃபைபர் படகுகளில் இருப்பது ஒரு செல்போன், பிளாஸ்டிக் உறைக்குள் கட்டி வைத்தது. கரையிலிருந்து பதினைந்து, இருபது கிலோமீட்டர் போனால் சிக்னல் விட்டு விட்டு வரும். அந்தப் படகுக்காரர்களுக்கு எந்தக் கருவி, எப்போது என்பதை மீன்வளத் துறை இன்னும் தெளிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.